கைக்கெட்டும் தூரம்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மனநல விவாதங்கள்

கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் வழியாக மலையேறினால் குமுளி. அரை மணி நேரப் பயணம்தான். அதற்குள் மாநிலம் மாறுகிறது, பேச்சு மாறுகிறது. 2011-க்குப் பிறகு இன்னொன்றும் மாறியது. அந்த ஆண்டு கேரள அரசு மோனோகுரோட்டோபாஸ், போரேட், பாராகுவாட் உள்ளிட்ட கொடிய பூச்சிமருந்துகளையும் களைக்கொல்லிகளையும் ஒரே மூச்சில் தடைசெய்தது. மேலே விற்கக் கூடாத புட்டியைக் கீழே பூச்சிமருந்துக் கடையில் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்க முடிந்தது. கீழேயிருந்து வாங்கி ஏலத்தோட்டங்களுக்குக் கடத்துகிறார்கள் என்ற செய்தி இடுக்கிப் பக்கம் திரும்பத் திரும்ப வந்தது.

மனநலம் பற்றிய கட்டுரையைப் பூச்சிமருந்துக் கடையில் தொடங்கக் காரணம் இருக்கிறது. உலக மனநல மருத்துவத்தில் இன்று பெரிய சண்டைகள் நடக்கின்றன. நோய்களை வகைப்படுத்தும் முறை சரியா, மாத்திரைகள் உண்மையில் என்ன செய்கின்றன, ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்கலாமா, கோயிலும் தர்காவும் சிகிச்சைக்கு உதவியா தடையா என்று கேள்விகள் நீள்கின்றன. எல்லாம் அவசியமான கேள்விகள்தான். ஆனால் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று நீளும் இந்தப் பள்ளத்தாக்கில் நின்று பார்க்கும்போது எனக்கு வேறொன்று முன்னால் வருகிறது. ஒருவர் பிழைப்பதையும் பிழைக்காமல் போவதையும், நோய் தெளிவதையும் முற்றுவதையும், அந்த நேரத்தில் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இங்கே விஷம் பக்கத்தில் இருக்கிறது. டாஸ்மாக் பக்கத்தில் இருக்கிறது. குறிசொல்லும் கோடாங்கி பக்கத்தில் இருக்கிறார். மனநல மருத்துவர்தான் தூரத்தில் இருக்கிறார்.

தற்கொலையிலிருந்தே தொடங்குகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இவை காவல்நிலையத்தில் பதிவானவை மட்டுமே. பதிவுக்கு வராதவை எவ்வளவு என்பதைக் காட்டிய ஆய்வும் தமிழ்நாட்டிலேயே நடந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை நடந்த ஒவ்வொரு சாவுக்கும் வீடுவீடாகச் சென்று காரணம் கேட்டுப் பதிவு செய்தார்கள். 10 முதல் 19 வயதுப் பெண்களில் லட்சத்துக்கு 148 பேரும், அதே வயது ஆண்களில் 58 பேரும் ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். 2004-ல் லான்செட் இதழில் வந்த அந்த எண்கள் மருத்துவ உலகை உலுக்கின. பள்ளிக்கூட வயதுப் பெண்பிள்ளைகள் அவர்கள். அதைப் படித்துவிட்டு எந்தத் தகப்பனும் தாயும் சும்மா இருக்க முடியாது.

இவர்கள் எல்லோரும் மனநோயாளிகளா? மேற்கத்திய ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது, தற்கொலையால் இறப்போரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஏதோவொரு மனநோய் இருக்கும் என்பது. சென்னையில் லட்சுமி விஜயகுமாரும் ராஜ்குமாரும் நடத்தி 1999-ல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய அதையே கண்டது: 88 சதவீதம். ஆனால் வேலூர்க் கிராமங்களில் நடந்து 2010-ல் வெளியான இன்னோர் ஆய்வு, இறந்தவர்களில் 37 சதவீதத்தினருக்கு மட்டுமே மனநோய் இருந்ததாகச் சொன்னது. தீராத வலி, தொடர்ந்த மன உளைச்சல், தனிமை, உறவு முறிவு ஆகியவையே அங்கே முன்னுக்கு வந்தன. ஒரே மாநிலம், இரண்டு நேர்மையான ஆய்வுகள், இரண்டு விடைகள். நகரமும் கிராமமும் ஒன்றல்ல என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இறந்தவரைப் பற்றி உறவினரிடம் கேட்டு நோயைக் கணிப்பதில் உள்ள சிக்கல் இன்னொன்று.

இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதில்லை, பணம் எங்கே போக வேண்டும் என்பதையும் அதுதான் சொல்கிறது. எல்லாமே மனநோய் என்றால் மருத்துவர்களைப் பெருக்குவதே வழி. பாதிக்கு மேல் ஓர் இரவின் கோபமும் அவமானமும் கடன்காரன் வாசலில் நின்ற வேதனையும்தான் என்றால், அந்த ஓர் இரவில் விஷம் எட்டாமல் செய்வது முதல் வேலை. திராட்சைப் பந்தலும் வாழையும் நெல்லும் நிறைந்த ஊரில் பூச்சிமருந்து வீட்டுச் சாமான்களில் ஒன்று. கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது நமக்கெல்லாம் பெருமை. அந்தக் கொடிக்கு எத்தனை தரம் தெளிக்க வேண்டியிருக்கிறது, விலை சரிந்த பருவத்தில் மருந்துக்கடை பாக்கி எவ்வளவு ஏறுகிறது என்பது பந்தல்காரர்களுக்குத் தெரியும். தெளித்தது போக மிச்சம் வீட்டிலேயே கிடக்கும்.

பக்கத்து நாட்டு அனுபவம் இங்கே பெரிய பாடம். 1995-ல் இலங்கையின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற அளவுக்கு, உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்யத் தொடங்கினார்கள். 1998-ல் எண்டோசல்பான் போனது, 2008-க்கும் 2011-க்கும் இடையில் டைமெத்தோயேட், பென்தியான், பாராகுவாட் போயின. இருபது ஆண்டில் தற்கொலைச் சாவு எழுபது சதவீதம் குறைந்தது. சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். விளைச்சல் குறையவில்லை. மனம் உடைந்தவர்கள் அங்கே மறைந்துவிடவில்லை. கைக்குக் கிடைத்தது முன்போலக் கொல்லவில்லை, பிழைத்து எழுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுபடி அந்த வழிக்குப் போகவில்லை.

பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பு, காட்டுமன்னார்கோயில் பக்கம் கிராமப் பொதுக் கிடங்கில் பூச்சிமருந்தை வைத்தெடுக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தது. கிடங்கு இருந்த ஊர்களில் தற்கொலை குறைந்ததாக 2013-ல் எழுதினார்கள். நம்பிக்கை தரும் முயற்சிதான், ஆனால் நாலே கிராமங்கள். இலங்கையில் 180 கிராமங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2017-ல் வந்தது. பயன் எதுவும் தெரியவில்லை. சாவி வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது பூட்டு என்ன செய்யும்? ஆகவே என் எண்ணம் தடையின் பக்கம்தான்.

தமிழ்நாடு 2022-23 காலத்தில் ஆறு பூச்சிமருந்துகளை அறுபது நாளுக்கு நிறுத்தியது, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டை நிரந்தரமாகத் தடுத்தது. எலி பேஸ்டால் கல்லீரல் கெட்டுச் செத்த இளம்பிள்ளைகளைப் பார்த்த மருத்துவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிய ஆணை அது. ஆனால் அறுபது நாள் போதாது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலத்துக்குத் தருவது குறுகிய காலத் தடை அதிகாரம்தான், நிலையான தடை தில்லியின் கையில். 2023-ல் மத்திய அரசு மோனோகுரோட்டோபாஸின் 36 சதவீதக் கரைசலை நிறுத்த ஆணையிட்டு, இருப்பைத் தீர்க்க அவகாசமும் கொடுத்தது. பாராகுவாட்டுக்கு முறிமருந்தே கிடையாது, ஆனாலும் நாடு தழுவிய தடை வரவில்லை. விவசாயிகளைக் குற்றம் சொல்லி இதில் பயனில்லை. மாற்று மருந்து எது, என்ன விலை, எந்தப் பூச்சிக்கு எப்போது என்று வேளாண் அலுவலர் பந்தலுக்கு வந்து சொன்னால் அவர்கள் மாறுவார்கள்.

சட்டத்தின் பக்கம் நல்ல மாற்றம் வந்திருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, சாக முயன்று பிழைத்தவரைக் குற்றவாளி ஆக்கியது. 2018-ல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கடமையிலிருந்து தடுக்க அப்படி முயல்வது மட்டும் குற்றமாக நிற்கிறது. மனுக்கொடுக்க வந்த இடத்தில் விரக்தியில் ஒருவர் செய்வதை அந்தப் பிரிவில் அடைத்துவிடுவார்களோ என்ற கவலை நியாயமானது. சட்டம் மாறியும் வார்டில் பயம் மாறவில்லை. ‘போலீஸ் கேஸ் ஆயிரும், தண்ணின்னு நெனச்சுக் குடிச்சிட்டான்னு சொல்லு’ என்று உறவினர் காதில் ஓதுவதை இன்னும் கேட்கலாம். அப்படிச் சொன்ன கணமே அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய மனநல ஆலோசனை கைநழுவுகிறது. உடம்பைக் கழுவி அனுப்பிவிடுகிறார்கள், மனம் வந்தபடியே வீடு திரும்புகிறது.

இனி கோடாங்கி. மதுரை, தேனிப் பக்கத்தில் வீட்டில் ஒருவர் தனக்குள் பேச ஆரம்பித்தால், தூங்காமல் ஊரைச் சுற்றினால், சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்றால், முதலில் போவது அங்கேதான். காத்துக் கருப்பு, செய்வினை, முனி அடித்தது என்று ஒரு காரணம் கிடைக்கும். உடுக்கை அடித்துக் கேட்பார், வேப்பிலை அடிப்பார், கயிறு கட்டுவார். பள்ளிவாசலில் ஓதித் தாயத்து கட்டுவதும், ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப்போவதும் உண்டு. படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். குடும்பம் அங்கே பெறுவது என்ன என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முதலாவது, அவர் நேரம் கொடுக்கிறார், ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். இரண்டாவது, பழி நோயாளிமேல் விழுவதில்லை, வெளியிலிருந்து வந்த ஒன்றின்மேல் விழுகிறது. வந்தது போகும் என்ற நம்பிக்கையோடு வீடு திரும்புகிறார்கள். வெளிநோயாளிப் பிரிவில் சில நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பும் எந்த மருத்துவராலும் இதைத் தர முடிவதில்லை.

2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ரகுராம் குழுவினர் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை அவர்கள் வந்தபோதும் கிளம்பும்போதும் அளந்து பார்த்தார்கள். மருந்து கிடையாது, அடி கிடையாது, கட்டு கிடையாது. சுமார் ஆறு வாரம் குடும்பத்தோடு தங்கிக் கோயில் வேலை செய்திருந்தார்கள். நோய்க்குறிகள் ஏறத்தாழ இருபது சதவீதம் குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆய்வு, தானாகவே தணியும் நோயும் உண்டு என்று எதிர்ப்பும் வந்தது. எதிர்ப்பு சரிதான். இருந்தும் அந்த ஆய்வு சொன்ன ஒன்றை மறுக்க முடியாது: அமைதியான இடம், கூட ஒரு சொந்தம், கையில் ஒரு வேலை இருந்தால் மனம் கொஞ்சமாவது நிலைப்படுகிறது. வேலூர் மருத்துவமனை 1950-களிலேயே நோயாளியோடு குடும்பத்தையும் வளாகத்தில் தங்கவைத்துச் சிகிச்சை கொடுத்தது இந்த அறிவில்தான்.

மறுபக்கம் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை, ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்காவை ஒட்டிய ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனிதர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். தர்காவின் நம்பிக்கை அவர்களைக் கொல்லவில்லை, சங்கிலி கொன்றது. உரிமம் இல்லாமல் நோயாளிக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு நடந்த வியாபாரமும், அதைக் கண்டும் காணாமல் இருந்த நிர்வாகமும் கொன்றன. அதன்பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. 2017 சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியைத் தடைசெய்கிறது. குஜராத்தில் தொடங்கி ஏர்வாடிக்கும் வந்த ‘மருந்தும் துஆவும்’ முறையில், தொழுகைக்கு வருபவருக்கு அங்கேயே மருத்துவரும் கிடைக்கிறார். சிலர் இது பகுத்தறிவோடு செய்யும் சமரசம் என்கிறார்கள், இன்னும் சிலர் கோயிலையும் தர்காவையும் மருந்தகமாக்கும் வேலை என்கிறார்கள். குணசீலத்தில் பெருமாள் கோயிலை ஒட்டி ஒரு மண்டலம் தங்கும் வழக்கத்துக்கு இன்று உரிமம் பெற்ற மறுவாழ்வு மையத்தின் வடிவம் கிடைத்திருக்கிறது. நான் அந்த வழியை ஏற்கிறேன். கம்பம் பள்ளத்தாக்குக் கோடாங்கிகளை அழைத்து, மூன்று நாளுக்கு மேல் தூங்காதவரை, சாகப்போவதாகச் சொல்பவரை, கூடவே மருத்துவரிடமும் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டால் பலர் கேட்பார்கள்.

ஏனென்றால் தாமதத்துக்கு விலை உண்டு. மனச்சிதைவு நோய் என்று பாடநூல் சொல்லும் ஸ்கிசோப்ரினியாவில், முதல் தாக்குதலுக்கும் முதல் மருந்துக்கும் இடையிலான காலம் நீள நீள மீட்சி கடினமாகிறது. சீக்கிரம் மருந்து கிடைத்தவர்கள் எவ்வளவு தூரம் வர முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. சாரதா மேனன் 1984-ல் நிறுவிய ஸ்கார்ப் அமைப்பின் ஆர். தாரா, 1981-82-ல் நோயின் தொடக்கத்தில் வந்த 90 பேரைக் கால் நூற்றாண்டு தொடர்ந்து கவனித்தார். பலர் வேலைக்குப் போனார்கள், பெரும்பாலோருக்குத் திருமணமும் நடந்தது. இந்த மாதிரி முடிவுகளையும் உலக சுகாதார நிறுவனத்தின் பழைய ஆய்வுகளையும் சேர்த்து, ஏழை நாடுகளில் இந்நோய் நன்றாகக் குணமாகிறது என்று உலகம் முழுக்க எழுதினார்கள். 2008-ல் அதைக் கேள்வி கேட்டவர்களில் தாராவே ஒருவர். நம் கூட்டுக்குடும்பம் எல்லாவற்றையும் தாங்கும் என்ற நினைப்பு நமக்கு இனிப்பாக இருக்கிறது. ஆனால் நோய் வந்த ஆணோடு மனைவி பெரும்பாலும் நிற்கிறாள், நோய் வந்த பெண்ணைத் தாய்வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம் என்பதையும் அதே சென்னை ஆய்வுகள்தான் காட்டின.

மாத்திரை பற்றிய சண்டைக்கு வருவோம். 2018-ல் லான்செட்டில் சிப்ரியானி குழு 522 சோதனைகளைத் தொகுத்து, 21 மனச்சோர்வு மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேல் என்றது. 2022-ல் ஜோன்னா மாங்கிரீப் குழு, மூளையில் செரோடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு என்ற பழைய விளக்கத்துக்குச் சான்று இல்லை என்றது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. மருந்து ஓரளவு பலன் தருகிறது, எப்படித் தருகிறது என்று நாம் சொல்லிவந்த கதை உறுதியானதல்ல. இந்தச் சண்டையைக் கைபேசிக் காணொளியில் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, ‘அது வெறும் தூக்க மாத்திரை’ என்று ஒரே நாளில் நிறுத்துகிறவர்கள் நோய் திரும்பி அவதிப்படுகிறார்கள். நிறுத்துவதானால் மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

நம் ஊர்ப்பக்கத்துச் சிக்கல் வேறு. ஒரே தெருவில் மருந்து மிகுதியும் குறைவும் சேர்ந்து இருக்கின்றன. நெஞ்சு படபடப்பு, தலைப்பாரம், தூக்கமின்மை என்று வரும் பெண்ணுக்கு அல்பிரசோலம் எழுதிக்கொடுத்து, அதுவே வருடக்கணக்கில் ஓடுகிறது. அவள் விடியற்காலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள், வீட்டில் குடிக்கிற கணவன் இருக்கிறான் என்பதை யாரும் கேட்பதில்லை. அதே தெருவில் ஸ்கிசோப்ரினியா உள்ள ஒரு பையனுக்கு மாதாமாதம் போட வேண்டிய ஊசி, கூட்டிப்போக ஆளில்லாமல் தவறிப்போகிறது. மருந்தால் உடம்பு பெருப்பதும் கை நடுங்குவதும் சர்க்கரை ஏறுவதும் உண்மை. அதைச் சொல்லாமல் மறைத்தால் நோயாளி மருத்துவரை நம்ப மாட்டார். ஷாக் சிகிச்சை பற்றி நம் திரைப்படங்கள் விதைத்த பயமும் பெரிது. மயக்கமருந்து இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்று 2017 சட்டம் தடுத்துவிட்டது. மயக்கத்தில் முறையாகக் கொடுக்கும்போது, சாப்பிடாமல் அசையாமல் கிடப்பவரை அது எழுப்பி உட்காரவைக்கும்.

மருத்துவர் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 10.6 சதவீதத்தினருக்கு அப்போது ஏதோவொரு மனநலக் குறைபாடு இருந்தது. சிகிச்சை எட்டாதவர்களோ நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம். மனநல மருத்துவர் லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. கூடலூர்க்காரருக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் ஆண்டிபட்டிப் பக்கம் க.விலக்கு, ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். ஒரு நாள் கூலி போகும், கூட வருபவரின் கூலியும் போகும், பஸ்ஸில் நோயாளி சத்தம் போட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். மாவட்ட மனநலத் திட்டம் இதற்காகத்தான் வந்தது. 1996-ல் நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் திருச்சியும் ஒன்று. இன்று மாநிலம் முழுவதும் இருக்கிறது, குறிப்பிட்ட நாளில் தாலுகா மருத்துவமனைகளுக்கு மருத்துவர் வருகிறார். அது எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. இத்திட்டம் வடநாட்டில் நடந்த விதத்தைக் கூடவே இருந்து பார்த்த சுமித் ஜெயின், சுஷ்ருத் ஜாதவ் இருவரும் 2009-ல் எழுதியது நினைவில் வைக்க வேண்டியது: சமூக மருத்துவம் என்று எழுதப்பட்ட கொள்கை, கிராமத்துக்கு வரும்போது மாத்திரை விநியோகமாகச் சுருங்கிவிட்டது. துன்பத்தைப் பேச இடமில்லை, சீட்டு வாங்க மட்டும் வரிசை இருந்தது.

மருத்துவர் அல்லாதவர்களால் இந்த இடைவெளியை நிரப்ப முடியுமா? கோவா, சதாரா, தமிழ்நாடு மூன்று இடங்களில் 282 ஸ்கிசோப்ரினியா நோயாளிகளோடு நடந்து 2014-ல் லான்செட்டில் வந்த ஆய்வு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கே போய்வந்தால் நோய்க்குறியும் முடக்கமும் ஓரளவு குறைவதைக் காட்டியது. பெரிய அதிசயம் இல்லை, உறுதியான சிறு முன்னேற்றம். ஜிம்பாப்வேயில் பாட்டிமார்கள் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து மனச்சோர்வுக்கு ஆலோசனை சொல்லும் திட்டத்தை டிக்சன் சிபண்டா தொடங்கி நடத்தி, அதன் பலனை 2016-ல் முறையான ஆய்வாகவே வெளியிட்டார். படித்த மருத்துவரின் வேலையைப் பாமரர் தலையில் கட்டி அரசு தப்பிக்கிறது என்ற விமர்சனத்திலும் உண்மை உண்டு. சம்பளமும் மேற்பார்வையும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

தமிழ்நாட்டில் இதற்கு ஓர் ஆயத்தமான வழி இருக்கிறது. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பெண்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலில் கொடுக்கிறார்கள். மனநோய்க்கான மாத்திரையையும் அதே பையில் வைக்க வேண்டும். ‘அக்கா, ராத்திரி தூங்குனீங்களா, மனசு எப்படி இருக்கு’ என்று கேட்க அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். தோட்டத்துக்குப் போகிற பெண்கள் வீடு திரும்புவது பொழுது சாயும்போது. காலை வெளிநோயாளிப் பிரிவு அவர்களுக்கு எந்நாளும் எட்டாது. கூடலூரிலோ கம்பத்திலோ வாரம் ஒரு மாலை நேர மனநலப் பிரிவு வந்தால் அதுவே பெரிய மாற்றம். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண் இரவிலும் எடுக்கிறது, தமிழில் பேசுகிறது, காசு இல்லை. 104-ம் அப்படித்தான். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவர்கள், அப்படிப் பேசுகிற ஒருவர் வீட்டில் இருப்பவர்கள், இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குடியையும் கஞ்சாவையும் பற்றிச் சுருக்கமாக. 2003 முதல் சில்லறை மதுவிற்பனை அரசின் கையில். குடியை நோய் என்று சிகிச்சை கொடுப்பதும் அரசு, விற்பதும் அரசு. இந்த முரண்பாட்டை எத்தனை ஆலோசகர்களாலும் பேசித் தீர்க்க முடியாது. கம்பம் வழியாகக் கேரளத்துக்குக் கஞ்சா போவது காவல்துறைச் செய்தியாகவே நமக்குத் தெரிகிறது. மரபில் மனநோய்க்கு இடமுள்ள பதினேழு, பதினெட்டு வயதுப் பையனுக்கு அது நோயைத் தூண்டிவிடும் என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. பிடிபட்ட பையனை வழக்கில் சேர்ப்பதோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் அனுப்பும் வழக்கம் வர வேண்டும்.

நோய்ப்பெயர்களைப் பற்றிய விவாதம் நம் ஊருக்குத் தூரமாகத் தெரியும், ஆனால் தொட்டுவிடுகிறது. அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேடு 2022-ல் நீடித்த துக்கத்தை ஒரு நோயாகச் சேர்த்தது, இழப்பு நடந்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும் என்று வரையறுத்தது. பதினாறாம் நாள் காரியம், வருடத் திதி என்று துக்கத்துக்குப் படிகள் வைத்திருக்கும் சமூகத்தில் அந்த ஓராண்டை யார் எப்படி அளப்பது? ஒருகாலத்தில் தன்பாலின ஈர்ப்பையும் நோய் என்றே எழுதிவைத்திருந்த கையேடு அது, 1973-ல் நீக்கினார்கள். நீக்கியும் மாற்றுகிறேன் என்று காசு வாங்கியவர்கள் இருந்தார்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அத்தகைய ‘மாற்றுச் சிகிச்சை’யைத் தடுக்க ஆணையிட்டார், தீர்ப்புக்கு முன் தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெளிந்தார். வகைப்பாடுகள் மனிதர் எழுதுபவை, திருத்தக்கூடியவை என்பதை அவர் தன் அறியாமையை வெளிப்படையாகச் சொல்லி உணர்த்தினார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கேள்வி வீடுகளில் இருக்கிறது. 2017 சட்டம் நோயாளியின் விருப்பத்தை மேலே வைத்தது. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம், தன் சார்பாக முடிவெடுப்பவரைத் தானே நியமிக்கலாம். பல மருத்துவர்கள் இது குடும்பத்தின் கையைக் கட்டுகிறது என்றார்கள். நோயின் உச்சத்தில் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பவரை அவர் சம்மதம் கேட்டு எப்படிக் காப்பாற்றுவது என்பது நேர்மையான கேள்வி. நோயாளிகள் தரப்போ, குடும்பம் என்ற பெயரால் எங்களை எத்தனை முறை அடைத்தீர்கள் என்று கேட்கிறது. சட்டம் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வைத்திருக்கிறது: முடிவெடுக்கத் திணறுபவரை முப்பது நாள் வரை உதவியோடு சேர்க்கலாம், மறுஆய்வு வாரியம் அதைச் சரிபார்க்க வேண்டும். அந்த வாரியம் எங்கே இருக்கிறது, யாருக்கு எழுதுவது என்று கூடலூரில் எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

இந்தப் பள்ளத்தாக்கில் முப்பது வயது மகனுக்கு மாத்திரையை எண்ணிக் கொடுத்து, அவன் விழுங்கும்வரை நின்று, பிறகு வேலைக்குப் போகிற எழுபது வயதுத் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் மருத்துவரிடம் கேட்பது நோயைப் பற்றி அல்ல. ‘நான் போன பிறகு இவனை யார் பாப்பா?’ மருத்துவமனை விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் தங்கிப்போனவர்கள் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பழைய விடை. 1794-ல் தொடங்கிய சென்னை மனநலக் காப்பகத்திலிருந்து இன்றுவரை அந்த விடை மாறாமல் இருக்கிறது. வேறு விடையும் நம்மிடமே உண்டு. சென்னையில் 1993-ல் தொடங்கிய பேன்யன் அமைப்பு, நெடுங்காலம் உள்ளே இருந்தவர்களை நான்கைந்து பேராக ஊருக்குள் சாதாரண வாடகை வீடுகளில் குடிவைத்து, அக்கம்பக்கத்திலிருந்தே ஒரு துணையாளரைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறது. அவர்களே சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், சிலர் வேலைக்கும் போகிறார்கள். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் மற்ற நாடுகளுக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டியவற்றில் அந்தத் திட்டமும் ஒன்று. சமூகத்தோடு வாழும் உரிமையைச் சட்டமே சொல்லியிருக்கும்போது, மாவட்டத்துக்கு இப்படிச் சில வீடுகளை வாடகைக்கு எடுப்பது அரசுக்குத் தாங்க முடியாத செலவல்ல. கம்பத்திலோ சின்னமனூரிலோ வீடு கிடைக்கும், துணைக்கு வரப் பெண்கள் கிடைப்பார்கள். வாடகையையும் சம்பளத்தையும் மாதாமாதம் தவறாமல் கொடுக்க மாநில வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி வேண்டும், அந்தத் தாய்மார்கள் உயிரோடு இருக்கும்போதே வேண்டும்.